கேளுங்கள், சொல்கிறேன்: இன்ஜின் ரூமிலிருந்து கிராம சபைக்கு

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர். 1985-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, இன்ஜின் பிரிவில் 20 ஆண்டுகள் வேலை பார்த்து, சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றார். 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை ஊராட்சித் தலைவராக இருந்தார். இப்போது ஒரு மாநிலக் கட்சியின் மீனவர் அணியில் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறார்.

கேள்வி: பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். உங்களை அரசியலுக்கு இழுத்தது எது? (வாசகர், கீழக்கரை)

தண்ணீர், பாய். 2005-ல் ஊருக்கு வந்தபோது அரசியல் என் நினைப்பிலேயே இல்லை. படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று போட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கம் போர்வெல் போட்டால் உவர்ப்புத் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்குத் திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்துக் குழாயில் அனுப்புகிற தண்ணீர் வர வேண்டும். அது ஊருக்கு வந்து தரைத்தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அந்த மோட்டார் அடிக்கடி எரிந்துபோகும். காயில் கட்டப் போயிருக்கிறது என்று பதில் வரும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடப்பார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு தடவை மோட்டாரைக் கட்டிக் கொண்டுவந்து ஓடவிட்ட அன்று நானும் போய் நின்றேன். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை பேரிங் இருக்கிற இடத்தில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்டால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். கப்பலில் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை இது. நல்ல பேரிங் ஒரே சீராக இரையும். இது கரகரவென்று அரைத்து, நடுநடுவே தட்டியது. பேரிங் போய்விட்டது. தண்டு ஆட்டம் கொடுக்கிறது, மோட்டார் திணறிக் கரண்டைக் கூடுதலாக இழுக்கிறது, காயில் எரிகிறது. இத்தனை காலமும் எரிந்த காயிலுக்குக் காசு கொடுத்தார்களே தவிர, எரிய வைத்த பேரிங்கை யாரும் தொடவில்லை.

கப்பலில் 4 மணி நேரம் ஒரு வாட்ச், அதாவது ஒரு வேலை முறை. மணிக்கு ஒரு முறை எண்ணெய் அழுத்தம், சூடு, சுழற்சி எல்லாவற்றையும் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவன் அதைப் படித்த பிறகுதான் பொறுப்பேற்பான். இந்த மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது, என்ன மாற்றினார்கள் என்று எழுதிய நோட்டு எங்கே என்று கிராம சபையில் கேட்டேன். அப்படி ஒரு நோட்டே இல்லை. "நீங்களே தலைவரா வந்து எழுதுங்க சீஃப்" என்றார் ஒரு பெரியவர். கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நின்றேன். ஜெயித்ததும் மோட்டார் அறையில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஆபரேட்டர் இன்றைக்கும் அதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: படையில் இருக்கும்போது அரசியலே பேசக் கூடாதாமே? அது உரிமை மறுப்பு இல்லையா? (கல்லூரி மாணவி, திருவாடானை)

கட்சியில் சேரக் கூடாது, அரசியல் கூட்டத்துக்குப் போகக் கூடாது, பத்திரிகைக்கு எழுதக் கூடாது. அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு, படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, மகளே. துப்பாக்கி வைத்திருக்கிறவன் கட்சி கட்டினால் என்ன ஆகும் என்று பக்கத்து நாடுகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் ஓட்டு உண்டு. என் காலத்தில் தபால் ஓட்டுச் சீட்டு கப்பலைத் தேடிப் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே எண்ணி முடித்திருப்பார்கள். 2016-லிருந்து சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள், அது பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் தல்வார் என்ற பயிற்சித் தளத்தில் மாலுமிகள் மோசமான சாப்பாட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் 70-க்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது பரவியது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதில் அந்த மாலுமிகளுக்கும் பங்கு உண்டு. பள்ளிப் புத்தகத்தில் அவர்களுக்கு இன்னும் நாலு பக்கம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: தேர்தல் சுவரொட்டியில் உங்கள் சீருடைப் படம் ஏன் இல்லை? (வாசகர், ஆர்.எஸ். மங்கலம்)

போடலாம் என்று உடன் இருந்தவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லும் 2019-லும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் போட்டிருக்க மாட்டேன். சீருடை அரசாங்கம் கொடுத்தது, ஓட்டு எனக்காகக் கேட்பது.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். போன தடவை பக்கத்துப் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. எங்களுக்கு அப்படி நடந்தால் யாரிடம் போவது, என்ன கையில் இருக்க வேண்டும்? (வாசகி, பாம்பன்)

தங்கச்சி, இதைக் கேட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. பிடிபட்ட பிறகு அழுதுகொண்டே அலைகிற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். முன்கூட்டியே செய்ய வேண்டியது இருக்கிறது.

இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் கவரில் அவருடைய மீனவர் அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், 2 புகைப்படம் எல்லாவற்றுக்கும் நகல் போட்டு வீட்டில் வையுங்கள். படகின் பதிவு எண்ணையும் சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்குகிறார்கள் அல்லவா, அதில் அவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆள் மாறிப் போகிறது, அவசரத்தில் பழைய பெயரே இருந்துவிடுகிறது. பிறகு சிறையில் இருப்பவர் ஒருவர், பட்டியலில் இருப்பவர் வேறொருவர் என்றாகிவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே நாள் கணக்காகும்.

பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். குடும்பத்துக்கான தினப்படி உதவித்தொகைக்கும் அந்த மனுதான் ஆதாரம். பிடித்த இடத்தைப் பொறுத்து ஊர்க்காவற்துறை, மன்னார், பருத்தித்துறை என்று ஏதாவது ஒரு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். யாழ்ப்பாணத்தில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கிருந்து சிறைக்குப் போய்ப் பார்ப்பார்கள். விடுதலையானால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட் இருக்காது, அவசரப் பயணச் சான்று போட்டுத்தான் வர வேண்டும். அதற்கும் நீங்கள் கவரில் வைத்த நகல்தான் உதவும்.

படகு தனி வழக்கு. உரிமையாளர் அங்கே நீதிமன்றத்தில் நேரில் போய் நின்றால்தான் பேச்சே. போகாவிட்டால் படகை அரசுடைமை ஆக்கிவிடுவார்கள். அது சம்மாட்டியின் பாடு. கூலிக்குப் போகிறவர் அதற்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: கச்சத்தீவை மீட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று எல்லாக் கட்சியும் சொல்கிறது. நீங்கள் மட்டும் மேடையில் வேறு மாதிரி பேசுகிறீர்களே? (வாசகர், தொண்டி)

இலங்கைக்குக் கொடுத்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவு, ஒரு அந்தோணியார் கோயில். ஆனால் வலை காயப்போடவும் ஓய்வெடுக்கவும் நம் ஆட்களுக்கு அது இருந்தது. 1974 ஒப்பந்தத்தில் மீனவரும் பக்தரும் போய்வரும் வழக்கம் தொடரும் என்று எழுதினார்கள். 1976-ல் இரண்டு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டபோது, ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிந்துபோனது. இங்கே இருக்கிற மீனவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் நம் விசைப்படகு அதோடு நிற்காது என்பது தொண்டியில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா? இலங்கையின் நெடுந்தீவைத் தாண்டிப் போகிறார்கள். ஏன் போகிறார்கள்? இந்தப் பக்கம் தரை வழித்துத் துடைத்தாயிற்று. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள். அதில் பலகை கட்டிய இழுவை மடியை, அதாவது கடல் தரையோடு இழுக்கும் வலையை, இழுத்தால் பாசி, குஞ்சு, நண்டு, சங்கு எல்லாம் சேர்ந்து வரும். இறாலைப் பொறுக்கிவிட்டு மீதியைச் சங்காயம் என்று மீன் தூள் கம்பெனிக்கு அள்ளிப் போடுகிறோம். அந்தச் சங்காயத்தில் கை விட்டுப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத நகரை மீன் குஞ்சும் பாறை மீன் குஞ்சும் இருக்கும். ஒரு வருஷம் விட்டிருந்தால் நாட்டுப்படகுக்காரன் வலையில் கிலோ கணக்கில் விழுந்திருக்க வேண்டியவை அவை.

அந்தப் பக்கம் இருப்பவரும் நம்மவர்தான். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 2004 சுனாமி வந்தபோது நான் விசாகப்பட்டினத்தில் இருந்தேன். எங்கள் கப்பல் நிவாரணப் பொருளோடு திருகோணமலைக்குப் போனது. தமிழ் தெரிந்தவர்கள் மேலே வரவும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த ஓவராலோடு இன்ஜின் ரூமிலிருந்து ஏறி வந்தேன். அரிசி, மருந்து, தார்ப்பாய் இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் தோளில் அவுட்போர்டு இன்ஜினைச் சுமந்துகொண்டு நின்றார். படகு போய்விட்டது, வீடு போய்விட்டது, மணலில் புதைந்து கிடந்த இன்ஜினைத் தோண்டி எடுத்து வந்திருக்கிறார். "அரிசி பிறகு வாங்கலாம், இதைக் கழுவித் தர ஏலுமா?" என்று கேட்டார்.

உட்கார்ந்து பிரித்தோம். பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்ததும் சிலிண்டரிலிருந்து சேறும் உப்புத் தண்ணீரும் கொட்டியது. நல்ல தண்ணீரில் அலசி, டீசல் ஊற்றி, கயிற்றை இழுத்து இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரைத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தோம். அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியையும் வாங்கித் தன் சட்டை மடிப்பில் வைத்துக்கொண்டார். என் ஊரைக் கேட்டார். தொண்டிப் பக்கம் என்றேன். "எங்கட அப்பா ஆக்கள் தொண்டிக்கு வந்து போனவை" என்றார். போர் நடந்த காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். 2009-க்குப் பிறகு வடக்கே கடன் வாங்கி வலை போட்டார்கள். ராத்திரியில் நம் இழுவை மடி அதை அறுத்துக்கொண்டு போகிறது. ராமேஸ்வரம் படகு வருகிற திங்கள், புதன், சனியில் வலை போடவே தயங்குகிறார்கள்.

நம் மீனவரைச் சுட்டதையும் அடித்ததையும் நான் ஒரு நாளும் நியாயப்படுத்த மாட்டேன். எல்லை தாண்டியதற்குத் தண்டனை சாவு இல்லை. அதையும் பேசுகிறேன், இதையும் பேசுகிறேன். முதல் தடவை மேடையில் இதைச் சொன்னபோது முன்வரிசையிலிருந்து சில சம்மாட்டிகள் எழுந்து போனார்கள். அவர்களில் இரண்டு பேர் பிறகு என் பட்டறைக்கு வந்து, மடியை விட்டால் வாங்கிய கடனை யார் கட்டுவது என்று கேட்டார்கள். சரியான கேள்வி. 2017-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுக்கு மாறலாம். படகின் விலை 80 லட்சம். 40 லட்சம் மத்திய அரசு, 16 லட்சம் மாநில அரசு, 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் மீனவர் கையிலிருந்து. 3 ஆண்டில் 2,000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ஏன் என்றால், எங்கள் ஆட்கள் ராத்திரி போய்க் காலையில் திரும்புகிறவர்கள். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குகடல். பெரிய படகு நிற்க இங்கே ஆழம் இல்லை, மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூருக்குப் போக வேண்டும். தூண்டில் போடவும், மீனைக் கெடாமல் வைக்கவும் படகிலேயே வைத்து ஒரு பருவம் முழுக்கப் பழக்க வேண்டும். படகு மட்டும் கொடுத்தால் போதாது. மாற விரும்பாதவருக்குப் படகின் விலையைக் கொடுத்து அதை உடைக்க வேண்டும். கூலிக்குப் போகிறவருக்குத் தனியாக இழப்பீடு வேண்டும், திட்டத்தில் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. இதைத்தான் எங்கள் கட்சியின் மாவட்டக் கூட்டத்திலும் தீர்மானமாகக் கொண்டுவந்தேன். தீவு மீட்பை மட்டும் பேசினால் கைதட்டல் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு படகுகூட மாறாது.

கேள்வி: கப்பலில் இன்ஜின் ரூமில் என்ன குடிப்பீர்கள்? (ஏழாம் வகுப்பு மாணவன், தேவிபட்டினம்)

எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்ட தண்ணீர். வேர்வையில் உப்பெல்லாம் போய்விடும், அதனால். பழைய நீராவிக் கப்பலில் பாய்லர் பக்கத்தில் நின்றால் சட்டையைப் பிழியலாம்.

கேள்வி: மீனவர் வீட்டுப் பையன் நான். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படிக்கிறேன். அக்னிவீராகக் கடற்படையில் சேரலாமா? 4 வருஷம்தான் என்பதால் அப்பா வேண்டாம் என்கிறார். (மாணவர், தங்கச்சிமடம்)

தம்பி, அப்பா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நான் சேர்ந்தபோது 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் உறுதி. என் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஓய்வூதியம் கிடையாது. ஒரு கப்பல் இன்ஜினின் குணம் பிடிபடவே எனக்கு அந்த 4 ஆண்டு ஆனது. பழகி முடித்தவனை வீட்டுக்கு அனுப்புவது கப்பலுக்கும் நல்லதில்லை என்பது என் கருத்து. இதை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். வயது பதினேழரையிலிருந்து 21 வரைதான். கணிதமும் இயற்பியலும் இருப்பதால், பிளஸ் டூ படித்தவர்களை எடுக்கும் எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்கு எழுது. ஒடிசாவில் சில்கா தளத்தில் பயிற்சி. 2023 மார்ச்சில் அங்கே முதல் அக்னிவீர் அணி பயிற்சி முடித்தபோது பெண்களும் அதில் இருந்தார்கள், உன் தங்கச்சிக்கும் சொல். என்னோடு சேர்ந்த ராஜஸ்தான் பையன்கள் பயிற்சிக்கு வந்த பிறகுதான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். நீ அதில் பிறந்தவன், அந்தத் தைரியத்தோடு போ. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்குக் கடற்படை, கடலோரக் காவல்படைத் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி நடத்துகிறது. ராமநாதபுரத்திலும் உண்டு. மெரைன் போலீஸ் நிலையத்தில் விசாரி. சேர்ந்தால் தொழில்நுட்பப் பிரிவு கிடைக்கப் பார். 4 வருஷத்தில் வாங்குகிற ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரப்படுத்து. வெளியே வந்தால் அப்பாவின் படகைத் தவிர இன்னொரு தொழிலும் உன் கையில் இருக்கும்.

கேள்வி: கட்சி இல்லாமல் ஜெயித்தவர் நீங்கள். அப்புறம் ஏன் கட்சியில் சேர்ந்தீர்கள்? (வாசகர், சாயல்குடி)

ஊராட்சித் தலைவர் தேர்தலில் யாருக்குமே கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்ட உறுப்பினர் தேர்தலில்தான் கட்சி வரும். 5 ஆண்டு தலைவராக இருந்ததில் ஊராட்சியின் எல்லை எதுவரை என்று எனக்குத் தெரிந்தது. குழாய், தெருவிளக்கு, சாக்கடை, சாலை வரை என் கையெழுத்து செல்லும். எங்கள் இறங்குதளத்தில் மணல் மேடிட்டு, வற்றம் வந்து கடல் உள்வாங்கினால் ஃபைபர் படகைக்கூடத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதைத் தூர்வார ஊராட்சிக்கு அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டோம், அனுப்பினோம், திரும்பவும் போட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், டீசல் மானியம், துறைமுகம் எல்லாமே சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகிறவை. அங்கே பேச ஆள் வேண்டும் என்றால் கட்சி வேண்டும். சேரும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: இழுவை மடி பற்றி என் கருத்தை எந்த மேடையிலும் மறைக்க மாட்டேன் என்று. சரி என்றார்கள். இதுவரை தடுக்கவில்லை.

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் 61 வயதில் காலமானார். ஆவணத்தில் என் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதால் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. (வாசகி, உச்சிப்புளி)

அம்மா, இது நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் அவர் முகாமில் எழுதிக்கொடுத்த பெயர் ஒன்று, பிற்பாடு ஆதார் எடுத்தபோது சொன்ன பெயர் ஒன்று. பணம் எங்கேயும் போகாது. அவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு வரும்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள். அதோடு அவருடைய ஓய்வூதிய ஆணை, பணிச் சான்றுப் புத்தகம், இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பான் கார்டு, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், உங்கள் பெயரில் தனியாக உள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாலுமிகளின் பணி ஆவணங்கள் மும்பை மான்கூர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. பெயர்த் திருத்தம் அங்கேதான் நடக்க வேண்டும். பிறகு படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கும். அவர் ஓய்வுக்குப் பிறகு காலமானதால் 7 ஆண்டுகள், அல்லது அவருக்கு 67 வயது நிரம்பியிருக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதத்தில் வரும். உங்கள் விஷயத்தில் 67 வயதுக் கணக்குதான் முந்தி வரும். அப்புறம் சாதாரண விகிதம். இந்த இரண்டு தொகையும் ஆணையில் தேதியோடு எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முகவர்கள் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம், படிவத்தை அலுவலகத்திலேயே நிரப்பித் தருவார்கள். மும்பைக்கு அனுப்பும் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்றை இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயரில் போடுங்கள், நானும் எழுதுகிறேன்.